பேர் சொல்லாத சீக்கு

ராஜபாளையத்தில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் தாம்பரம். மூட்டை முடிச்சோடு பாதிப் பெட்டி அங்கேயே காலியாகிவிடும். எழும்பூர் வரைக்கும் போகிறவர்கள் பல் துலக்காத வாயோடு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவார்கள். தாம்பரத்தை விட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு மஞ்சள் பலகை கடந்து போகும்: தாம்பரம் சானடோரியம். வண்டி அங்கே நிற்பதில்லை.

எட்டு வயதில் அந்தப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “சானடோரியம்னா என்னப்பா?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரி.”

“என்ன ஆஸ்பத்திரி?”

“அது ஒரு சீக்குக்கு” என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

ஊருக்குத் திரும்பியதும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆச்சியிடம் கேட்டேன். ஆச்சி எதையும் மறைக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்: “எலும்புருக்கி.” பிறகு, “ஒட்டுவாரொட்டிடா. வாயால சொல்லாத.”

இந்த ஒரு நோய்க்குத் தமிழில் இருக்கிற பேர்களை எண்ணினால் ஒரு கை விரல் பத்தாது. என்புருக்கி, எலும்புருக்கி, சயம், கயரோகம், ஈளை, இளைப்பு, காசம், கடைசியில் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து வீட்டுக்குள் வந்த டிபி. இத்தனை பேர் இருந்தும், வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் ஒரு பேரும் வாயில் வராது. “அவனுக்கு நெஞ்சுல சளி”, “உடம்புக்கு முடியல”, “ஆஸ்டின்பட்டி போயிட்டு வந்தான்.” மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் போகிற வழியில் தோப்பூரை ஒட்டி இருக்கிறது ஆஸ்டின்பட்டி. நெஞ்சக நோய்க்கான அரசு மருத்துவமனை அங்கே. இன்றைக்குத் தோப்பூர் என்றால் எய்ம்ஸ் நினைவுக்கு வருகிறது. என் தலைமுறைக்கு அந்தப் பக்கத்துப் பேர் ஒன்றே ஒன்றைத்தான் குறித்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியப்பா அந்தக் காலத்தில் டிபிக்காக ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது சீட்டில் வேறு ஆள் பேரைக் கொடுத்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

உருகுவதும் இருமுவதும்

பேர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவை இரண்டு வகை. ஆள் கண்ணெதிரே கரைவதைப் பார்த்து வைத்தவை ஒரு வகை: எலும்புருக்கி, இளைப்பு, சயம். க்ஷயம் என்ற வடசொல்லுக்குத் தேய்வு என்று பொருள். அதுதான் தமிழ் நாக்கில் சயமாகவும் கயமாகவும் ஆனது. நெஞ்சிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு வைத்தவை இன்னொரு வகை: ஈளை, காசம். காசம் என்றால் வெறும் இருமல். ஆஸ்துமாவைச் சுவாசகாசம் என்றார்கள். கண்ணில் விழுகிற திரைக்கும் காசம் என்று ஒரு பேர் உண்டு, அது வேறு காசம்.

ராஜபாளையத்தில் இதில் ஒரு சுவாரசியம். ஊரில் ராஜுக்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. தெலுங்கில் இன்றைக்கும் இந்த நோய்க்கு க்ஷய என்றுதான் பேர். மேற்கே மலையைத் தாண்டினால் மலையாளத்தில் க்ஷயம். சுற்றியிருக்கிறவர்கள் எல்லாம் தேய்வைப் பிடித்துக்கொள்ள, தமிழில் அரசாங்கப் பலகைக்கு வந்து சேர்ந்தது மட்டும் இருமல். மத்திய அரசு நோயாளிகளைப் பதிவு செய்கிற தளத்துக்கு நிக்‌ஷய் என்று பேர் வைத்திருக்கிறது. தேய்வு அற்றது என்று அர்த்தம். பழைய பேர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். கிரேக்கர்கள் தைசிஸ் என்றார்கள், அதுவும் தேய்வு. ஆங்கிலேயர்கள் கன்சம்ப்ஷன் என்றார்கள், ஆளைத் தின்று தீர்ப்பது. நுரையீரலை அறுத்துப் பார்த்தபோது கண்ட சிறு முடிச்சுகளை வைத்து டியூபர்குலோசிஸ் என்ற சொல்லை ஜெர்மன் மருத்துவர் ஷோன்லைன் உண்டாக்கியது 1830களில். 1882 மார்ச் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் கிருமியையே காட்டிவிட்டார். அதற்குப் பிறகு நோய்க்கு உருவமும் முகவரியும் கிடைத்தன, மருந்து கிடைக்கவில்லை.

ஆயுர்வேதம் வைத்த பேர் ராஜயக்ஷ்மா. தட்சனின் பெண்கள் 27 பேரைக் கட்டிக்கொண்ட சந்திரன், ரோகிணியிடம் மட்டும் மயங்கிக் கிடந்தான். மாமனார் சாபம் கொடுத்தார். சந்திரன் தேய ஆரம்பித்தான். ராஜாவுக்கு முதலில் வந்ததால் ராஜரோகம். இங்கிலாந்திலோ கழுத்தில் நெறி கட்டுகிற வகைக்கு ‘ராஜாவின் பீடை’ என்று பேர்; ராஜா தொட்டால் போகும் என்று நம்பினார்கள். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருக்கும்போது 1712-ல் ஆன் ராணியிடம் தொடக் கொண்டுபோனார்கள். போகவில்லை. இங்கே ராஜாவுக்கு வருகிற நோய், அங்கே ராஜா தீர்க்கிற நோய். எது எப்படியோ, நிஜத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவனைத்தான் அது அதிகம் பிடித்தது.

கழுத்து நெறிக்கு நம் ஊரில் கண்டமாலை என்று பேர். மாலை மாதிரிக் கழலை கோத்து நிற்கும். ஐரோப்பாவில் அதற்கு ஒரு பெரிய காரணம் பால். மாட்டுக்கு வருகிற காசநோய்க் கிருமி, காய்ச்சாத பால் வழியே குழந்தைகளுக்குப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி சிரிப்பாக இருக்கும். அகலமான இரும்புச் சட்டி, கீழே முந்திரிக்கொட்டை ஓடு எரிகிற தீ, மேலே கரண்டி நிற்காமல் சுற்றும். பால் பாலாகவே இல்லாமல் போகிறவரை விடமாட்டார்கள். 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலே செத்துவிடுகிற கிருமி அது. 2019-ல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தப் பெருமையையும் யாராவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நம்மூர்க் கழலைகளுக்குப் பெரும்பாலும் மாடு பொறுப்பில்லை. பக்கத்தில் இருமுகிற மனுசனிடமிருந்து வருகிறது.

காற்று வாங்கப் போன கணிதமேதை

மருந்து இல்லாத காலத்தில் காற்றுதான் மருந்து. ஊருக்கு வெளியே மலையோரமோ காட்டோரமோ ஒரு கட்டடம், எப்போதும் திறந்த ஜன்னல், முட்டை, பால், ஓய்வு. அதுதான் சானடோரியம். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அப்படி ஒன்றை நடத்தியவர் ஒரு தமிழர், டாக்டர் டேவிட் சௌரி முத்து. 1917-ல் அவரிடம் நோயாளியாகப் போய்ச் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். குளிரில் திறந்து கிடக்கிற ஜன்னல் ஒரு கும்பகோணத்துக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்? அங்கே அவர் அதிக நாள் இருக்கவில்லை. வேறு இடங்களுக்கும் மாறிப் பார்த்து, ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அவருக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலில் அமீபா என்று 1994-ல் ஓர் ஆய்வாளர் வாதாடினார். அவரை வைத்தியம் பார்த்தவர்கள் எழுதிய பேர் என்னவோ இதுதான்.

அதே முத்து சென்னைக்குத் திரும்பி 1928-ல் தாம்பரத்துக் காட்டில் 12 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அந்த ரயில்நிலையப் பேருக்குக் காரணமான சானடோரியம். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. காடு போய்விட்டது. பேர் பலகையில் நிற்கிறது.

ராமானுஜன் இறந்து 28 வருஷம் கழித்து, சினிமாவுக்கு வசனம் எழுதப் புனே போன புதுமைப்பித்தன் இதே நோயோடு திரும்பி வந்து 1948-ல் திருவனந்தபுரத்தில் போனார். வயது 42. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிற ஒரு தகவல் இருக்கிறது. ஐசோனியசிட் என்ற மாத்திரை இன்றைக்கும் காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பு. விலை மலிவு. அது இந்த நோயைக் கொல்லும் என்று உலகம் கண்டுபிடித்தது 1952-ல். ஆனால் அந்த வேதிப்பொருளைப் பிராகில் இரண்டு பேர் 1912-லேயே தயாரித்து எழுதி வைத்துவிட்டார்கள். எதற்கு ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் அது சும்மா கிடந்தது. ராமானுஜன் சாகும்போதும் இருந்தது, புதுமைப்பித்தன் சாகும்போதும் இருந்தது.

சேத்துப்பட்டில் விழுந்த பூட்டு

மாத்திரை வந்தது. படுக்கை? நாடு முழுக்க லட்சக்கணக்கில் நோயாளிகள், சானடோரியம் படுக்கைகளோ சில ஆயிரம். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஓர் ஆய்வு மையம் திறந்தன. இடம், ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டு. தலைமைக்கு வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. சானடோரியம் வேண்டுமா வேண்டாமா? சென்னை ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு நல்ல சாப்பாடு, காற்றோட்டம், ஓய்வோடு சானடோரியம். மீதிப் பேருக்கு அதே மாத்திரை, ஆனால் வீட்டில்: நெரிசல், அரைவயிறு, வேலைக்கும் போக வேண்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் பிள்ளைகுட்டிகளுக்கும் அதனால் கூடுதலாக ஒட்டவில்லை. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒட்டியதுதான் ஒட்டியது.

1959-ல் இந்த முடிவு வெளிவந்தபோது உலகத்தின் சானடோரியங்களுக்கு அது பூட்டுச் சாவி. பணக்கார நாடுகளும் பின்னால் வந்தன. தமிழ்நாடு உலக மருத்துவத்துக்குக் கொடுத்த கொடைகளில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் நான் இதைப் படித்ததில்லை. அந்த மையம்தான் இன்றைக்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

விஞ்ஞானம் முடிவு சொன்ன பிறகும் சினிமா விடவில்லை. 1961-ல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தில் காசநோய் வந்த சரோஜாதேவி புருஷனை விட்டுப் பிரிந்து போகிறார். தியேட்டரே அழுதது. சேத்துப்பட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் முடிவு வந்திருந்தது: வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதும், ஓடிப்போக வேண்டியதில்லை.

தடுப்பூசிக் கதை வேறு மாதிரி. பி.சி.ஜி. போடுவதை 1948-ல் மதனப்பள்ளியில் தொடங்கினார்கள், கிண்டியில் அதற்கு ஆய்வுக்கூடம் வந்தது. மறு வருஷம் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வரானார். அந்த ஆண்டுகளில்தான் ஊசி முகாம்கள் பரவின. 1955-ல் ராஜாஜி அதை எதிர்த்துச் சிறு புத்தகமே போட்டார். எல்லாரும் அவரைப் பழமைவாதி என்றார்கள். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து உலகத்தின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. 1979-ல் வந்த முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. ராஜாஜி சொன்ன காரணங்கள் எல்லாம் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. குழந்தைகளின் மூளைக்குப் பரவுகிற கொடிய வகையை அது தடுக்கிறது. அதற்காகத்தான் பிறந்த குழந்தையின் தோளில் இன்னும் போடுகிறோம்.

தறிச் சத்தத்துக்கு நடுவில்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். அங்கே நெய்கிறது பேண்டேஜ் துணி. கொசுவலை மாதிரி இளக்கமான நெசவு, தறியிலிருந்து வரும்போது அழுக்கு வெள்ளை, சலவைக்குப் போய் வந்த பிறகு பளீர். இந்தியாவின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் காயம் கட்ட இங்கிருந்து போகிறது. தறி ஓட்டுகிறவர் காதில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, மூக்கு முடியில் பஞ்சு.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. “தூசிண்ணே, வேற ஒண்ணுமில்ல.” மில்லில் இருபது வருஷம் ஓட்டியவர்களுக்குப் பஞ்சுத் தூசியாலேயே நெஞ்சடைப்பு வருவது உண்மைதான், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. கஷ்டம் என்னவென்றால், அந்த இருமலுக்குப் பின்னால் இந்த இருமல் ஒளிந்துகொள்ளும். பீடிக்காரருக்குப் பீடி, சமையல்காரருக்குப் புகை, தறிக்காரருக்குத் தூசி. காசம் என்ற பேர் அங்கேதான் கைவிடுகிறது. அது இருமல் என்றுதான் சொல்கிறது. இருமலுக்கு இந்தப் பக்கத்தில் ஆயிரம் சாக்கு இருக்கிறது. முதலில் தூதுவளை ரசம், அப்புறம் ஆடாதொடைக் கஷாயம், அப்புறம் மெடிக்கலில் ஒரு பாட்டில் சிரப். ஆடாதொடையைக் கேலி செய்ய மாட்டேன். சளி இளக்குகிற மருந்தான புரோம்ஹெக்சினுக்கு மூலம் அந்த இலையில் இருக்கிற வாசிசின்தான். சதுரகிரி அடிவாரத்துக்காரர்களுக்கு இலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இலை சளியை இளக்கும், கிருமியைக் கொல்லாது. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும்.

ஆச்சி காலத்து ஆட்கள் இருமலுக்கு அசைய மாட்டார்கள். ரவிக்கை தோளில் தொளதொளத்தால் அசைவார்கள். “என்னடி, உருகிப்போற?” என்று கேட்டுவிட்டால் அப்புறம் விடமாட்டார்கள். எலும்புருக்கி என்ற பேர் கிருமியை அறியாது, நோயாளிக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கச் சொன்னது. அது வீண் கொடுமை, இது தட்டில் ஒட்டுகிற நோய் இல்லை, காற்றில் வருவது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் அந்தப் பேர் தப்பவில்லை.

இதை நான் பாட்டிப் பாசத்தில் சொல்லவில்லை. 2022-ல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நோய் உறுதியானதும் முதல் வேலை என்ன தெரியுமா? எடை, உயரம் பார்ப்பது. காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. மிகவும் உருகிப்போன ஆளை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். காரணம், மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே சாகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். எல்லாருக்கும் வீடு போதும் என்றது சேத்துப்பட்டு. சிலருக்குப் படுக்கை வேண்டும் என்று கண்டதும் சென்னைதான். எடை மெஷின் ஒன்றும் புதிய கருவி இல்லை, பார்வை மட்டும்தான் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு: நோயாளி வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி செய்யாததை ரேஷன் பை செய்தது. அரசாங்கம் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறது. நோயாளிக்கு மட்டும் போதாது, அந்த வீட்டுக்கே பருப்பு போக வேண்டும் என்பது என் கட்சி.

2025-க்குள் இந்தியாவில் காசநோயை ஒழிப்பதாக 2018-ல் அறிவித்தார்கள். நடக்கவில்லை. குறைந்தது உண்மை: 2015-ல் லட்சம் பேருக்கு 237 என்று இருந்தது 2023-ல் 195 ஆனது. அப்படியும் உலகத்து நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் நாட்டில்தான்.

சிகிச்சை ஆறு மாதம். எடையைப் பார்த்துத்தான் மாத்திரை எண்ணிக்கை. சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு, அது மருந்தின் நிறம், நிறுத்தக் கூடாது. முதல் சில வாரத்திலேயே இருமல் அடங்கி, பசி எடுத்து, ஆள் தேறிவிடுவார். “நல்லாத்தானே இருக்கேன்” என்று தோன்றுகிற அந்த இரண்டாவது மாதம்தான் ஆபத்தான மாதம். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறித் திரும்பி வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலத்தில் மெல்லிய காய்ச்சல், ராத்திரி வேர்வை, ரவிக்கையோ சட்டையோ தொளதொளப்பு. இதில் எது இருந்தாலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். காசு கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள 1800-11-6666, அதற்கும் காசு கிடையாது. ஒரு சின்னக் குப்பி தருவார்கள். காலையில் எழுந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு, திறந்த இடத்தில் நின்று, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சில் உதவாது. குப்பியில் பேர் எழுத ஓர் இடம் இருக்கும். உங்கள் பேரையே எழுதுங்கள்.